அபாய அறிவிப்பும் அப்பாவின் கோபமும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

வீட்டுக் கணிப்பொறியின் கீழ் மூலையில் திடீரென்று ஒரு சிறு கட்டம் எழும்புகிறது. அதில் சிவப்பு நிறமும் ஒரு வியப்புக்குறியும், அபாயம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகமும் இருக்கின்றன. அடுத்த நொடியில் நம் இல்லங்களில் எழும் கேள்வி எது? "இது என்ன அபாயம்?" என்பதன்று. "என்னத்தைடி அமுக்கினே?" என்பதே அது.

அருமைப் பெற்றோர்களே, இந்தக் கேள்வியைப் பற்றித்தான் இவ்வாண்டு மலரில் நாங்கள் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். பண்ருட்டியிலிருந்தும் நெய்வேலி நகரியத்திலிருந்தும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தும் வந்து ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் நாங்கள், மதிய உணவு வேளையில் பேசிக்கொண்ட செய்திகளில் இதுவும் ஒன்று. ஒருத்தி வீட்டில் கணிப்பொறிக்குத் துணி போர்த்தி வைத்துவிட்டார்கள். வேறொருத்தி வீட்டில் பாஸ்வேர்டு மாற்றப்பட்டு, அது அண்ணனுக்கு மட்டும் தெரியும் என்ற நிலை. இன்னொருத்தியின் சித்தப்பா, பொதுத் தேர்வு முடியும் வரை அந்தப் பக்கமே போகக் கூடாது என்று தீர்ப்பளித்துவிட்டார். பொதுத் தேர்வுக்குப் படிக்கவே அவளுக்கு அது தேவைப்பட்டது என்பது வேறு கதை. அண்ணன் அமர்ந்திருந்த நேரத்தில் அறிவிப்பு வந்தால் "வைரஸ் வந்துடுச்சு" என்கிறார்கள். நாங்கள் அமர்ந்திருந்த நேரத்தில் வந்தால் "இவ வரவழைச்சுட்டா" என்கிறார்கள். இரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள வேற்றுமையை இலக்கண ஆசிரியையிடம் கேட்டால் தன்வினை, பிறவினை என்று விளக்குவார்கள். எங்களுக்கு அது வெறும் இலக்கணமாகத் தெரியவில்லை.

எங்கள் தந்தையரில் பலர் சுரங்கத்திலும் அனல் மின் நிலையத்திலும் பணி புரிபவர்கள். 1956-இல் தொடங்கப்பட்ட நெய்வேலி நிறுவனத்தில் தாத்தா காலத்திலிருந்தே வேலை பார்க்கும் குடும்பங்களும் உண்டு. சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியை ஏற்றிச் செல்லும் கன்வேயர் பெல்ட் திடீரென நின்றுவிட்டால் அங்கே என்ன செய்வார்கள்? பக்கத்தில் நின்றவனைத் திட்டிவிட்டுப் பெல்ட்டுக்குத் துணி போர்த்துவார்களா? எந்த இடத்தில் பாதுகாப்புக் கயிறு இழுக்கப்பட்டது, எந்த விளக்கு எரிகிறது என்று பார்த்து, காரணத்தைக் கண்ட பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைப்பார்கள். பழுப்பு நிலக்கரி குவித்து வைத்த இடத்திலேயே தானாகச் சூடேறித் தீப்பற்றும் இயல்புடையது. அதனோடு பழகியவர்களுக்கு எச்சரிக்கையின் அருமை தெரியாமல் இராது. ஷிப்டில் அத்தனை நிதானம் காட்டும் அப்பா, வீட்டு வாசற்படியில் செருப்போடு அந்த நிதானத்தையும் கழற்றி வைத்துவிடுகிறாரே, அது ஏன் என்பதுதான் எங்கள் வியப்பு.

அறிவிப்பு என்பது ஒரு செய்தி. அதை நீதிமன்றத் தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது. அதைத் தருகின்ற ஆன்டிவைரஸ் என்னும் காவற்காரன் எப்படி வேலை செய்கிறான் என்று தெரிந்துகொண்டால் இந்த வேறுபாடு எளிதில் விளங்கும்.

கணிப்பொறி வைரஸ் நமக்கு மிகத் தொலைவிலிருந்து வந்த பொருளன்று. ஐ.பி.எம். வகைச் சிறு கணிப்பொறிகளில் பரவிய முதல் வைரஸ் எனக் கூறப்படும் 'பிரெய்ன்' 1986-இல் பாகிஸ்தானின் லாகூர் நகரில், பாசித், அம்ஜத் என்னும் இரு சகோதரர்களால் எழுதப்பட்டது. அதற்குள் அவர்களுடைய கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் எழுதப்பட்டிருந்தன. தடுப்பு மருந்துக்கு எங்களை அணுகுங்கள் என்ற அழைப்பும் உடன் இருந்தது. இந்தத் தொலைபேசி எண்ணைத் தோழியர் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறொரு எண்ணைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. நோய் வந்தால் மருந்தும் வரும் அல்லவா? நம் சென்னையிலேயே கேசவர்தனன் என்பவர் 1991-இல் தொடங்கிய 'கே7' நிறுவனம் ஆன்டிவைரஸ் தயாரித்து வெளிநாடுகளிலும் விற்றது. புனே நகரில் கால்குலேட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்த கைலாஷ் கட்கரும் அவர் தம்பி சஞ்சய் கட்கரும் சேர்ந்து 'குவிக் ஹீல்' என்பதை உருவாக்கினார்கள். இத்துறையில் இந்தியர் பின்தங்கியவர் அல்லர் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறோம்.

இந்தக் காவற்காரனுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காவல் நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் பழைய குற்றவாளிகளின் படம் போல, ஏற்கெனவே அறியப்பட்ட வைரஸ்களின் அடையாளப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. இரண்டாவது, நடத்தையைப் பார்ப்பது. படத்தில் இல்லாத புதியவன் ஒருவன் நள்ளிரவில் மதில் ஏறினால் சந்தேகப்பட வேண்டாமா? அதுபோல, ஒரு மென்பொருள் திடீரென நூற்றுக்கணக்கான கோப்புகளை மாற்றினாலோ, நாம் தட்டும் விசைகளை ஒட்டுக் கேட்டாலோ சந்தேகப்படுவது. முதல் வழியில் புதுத் திருடன் தப்பிவிடுவான். இரண்டாம் வழியில் நல்லவனும் சில சமயம் மாட்டிக்கொள்வான். மதில் ஏறியவன் சாவியைத் தொலைத்த வீட்டுக்காரனாகவும் இருக்கலாம் அன்றோ?

தமிழில் தட்டச்சு செய்ய உதவும் மென்பொருள்களை எடுத்துக்கொள்வோம். நாம் 'அம்மா' என்று வருமாறு ஆங்கில விசைகளைத் தட்டுகிறோம். அந்த விசைகளை வழியிலேயே இடைமறித்துத் தமிழ் எழுத்தாக மாற்றித் தருவதே அந்த மென்பொருளின் பணி. வங்கி பாஸ்வேர்டைத் திருட நினைப்பவன் எழுதும் மென்பொருளும் விசைகளை இடைமறிக்கத்தான் செய்யும். செயல் ஒன்றாக இருக்க, நோக்கத்தை மட்டும் இயந்திரம் எப்படி அறியும்? ஆகவே நடத்தையைப் பார்க்கும் காவற்காரனுக்கு இவ்வகை மென்பொருள் மீது சந்தேகம் வர இடமுண்டு. தமிழ்க் கட்டுரை எழுதப் போன பெண், கணிப்பொறியைக் கெடுத்தவள் ஆகிவிடுகிறாள்! உரியவர்களின் தளத்திலிருந்தே அம்மென்பொருளை இறக்கிக்கொண்டாலும், விண்டோஸிலேயே இப்போது இருக்கும் தமிழ் விசைப்பலகையைப் பயன்படுத்தினாலும் இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது.

காவற்காரன் தவறு செய்வது சிறிய அளவில் மட்டுமல்ல. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி நிறுவனம் தன் அடையாளப் பட்டியலைப் புதுப்பித்தபோது, விண்டோஸ் எக்ஸ்.பி.யின் உயிர்நாடியான 'எஸ்.வி.சி.ஹோஸ்ட்' என்னும் கோப்பையே வைரஸ் என்று முத்திரை குத்திவிட்டது. காவற்காரன் வீட்டு எஜமானரைப் பிடித்துக் கட்டிப்போட்ட கதைதான். உலகெங்கும் அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் கணிப்பொறிகள் மீண்டும் மீண்டும் தாமாகவே அணைந்து எரிந்துகொண்டிருந்தன. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான ஒரு புதுப்பிப்பினால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் முடங்கியதை நாம் செய்தியில் பார்த்தோம். இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய நிறுவனங்களே சறுக்கும்போது, வீட்டு மூலையில் எழும்பும் ஒரு கட்டத்தை வேத வாக்காகக் கொள்ளவும் வேண்டாம். வெறும் வேடிக்கையாகக் கருதவும் வேண்டாம்.

இனி அந்தத் தொலைபேசி எண்ணுக்கு வருவோம். உண்மையில் நாம் எல்லாவற்றிலும் அதிகமாக அஞ்ச வேண்டியது இதற்கே. பாட்டுக் கேட்கவோ படம் பார்க்கவோ ஏதோ ஒரு தளத்துக்குப் போகும்போது திடீரென்று திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஓர் அறிவிப்பு வரும். சைரன் ஒலிக்கும். உங்கள் கணிப்பொறியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன, உடனே இந்த எண்ணை அழையுங்கள், அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று மிரட்டும். மைக்ரோசாப்டின் முத்திரை கூட அச்சு அசலாக இருக்கும். இதைக் கண்டு பதறிக் கூவும் தோழியரையும், பதறி அழைத்த பெரியவர்களையும் நாங்கள் அறிவோம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

இது ஆன்டிவைரஸ் தரும் அறிவிப்பே அன்று. வெறும் ஒரு வலைப்பக்கம். சினிமாக் கொட்டகையில் திரையில் தெரியும் தீயைப் போன்றது. உண்மையான எச்சரிக்கை எதிலும் அழைக்க வேண்டிய தொலைபேசி எண் இராது என்று மைக்ரோசாப்ட் நிறுவனமே கூறியுள்ளது. இந்த ஒரு குறிப்பை மட்டும் அம்மாக்கள் சமையலறை நாட்காட்டியில் எழுதி வைத்தால் போதும், பாதி ஏமாற்று ஒழியும். எண்ணை அழைத்தால் மறுமுனையில் பணிவாகப் பேசுவார்கள். எனிடெஸ்க் போன்ற ஒரு மென்பொருளை இறக்கச் சொல்வார்கள். அது கெட்ட மென்பொருள் அன்று; தொலைவிலிருந்து உதவி செய்யப் பயன்படுவது. ஆனால் கதவைத் திறந்து விட்ட பிறகு வந்தவன் உதவுவானா, திருடுவானா என்பது அவன் கையில் அல்லவா இருக்கிறது? இம்முறையில் வங்கிப் பணம் களவு போவது குறித்து 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. 2023 அக்டோபரில் சி.பி.ஐ. 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் நாடு முழுவதும் 76 இடங்களில் சோதனையிட்டது. கணிப்பொறி உதவி மையம் என்று சொல்லி வெளிநாட்டவரை ஏமாற்றிய கூடங்கள் பற்றிய வழக்குகளும் அவற்றுள் அடங்கும். மைக்ரோசாப்டும் அமேசானும் கொடுத்த புகார்கள் அவை. நம் நாட்டு இளைஞர்கள் படித்த ஆங்கிலத்தை இதற்கா பயன்படுத்த வேண்டும் என்று வருத்தமாக இருக்கிறது.

அந்தத் திரை வந்தால் செய்ய வேண்டியது மிகச் சிறியது. எதையும் தொடாமல், எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பிரவுசரைத் தேர்ந்து முடித்துவிடலாம். மீண்டும் திறக்கும்போது, பழைய பக்கங்களைத் திரும்பக் கொண்டு வரட்டுமா என்று அது கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான். சைரன் நின்றுவிடும். ஒருவேளை யாரேனும் ஏற்கெனவே பணத்தைப் பறிகொடுத்திருந்தால் 1930 என்ற எண்ணுக்குத் தாமதமின்றி அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்திற்குள் அழைத்தால் பணத்தைத் தடுத்து நிறுத்த வழியுண்டு.

இதே குடும்பத்தைச் சேர்ந்த சிறிய தொல்லை ஒன்றும் உண்டு. வலைத்தளம் ஒன்று "அறிவிப்புகள் அனுப்பலாமா?" என்று கேட்கும்போது, படிக்காமல் யாரோ 'சரி' என்று அழுத்தியிருப்பார்கள். யாரோ என்றால் பெரும்பாலும் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்த அண்ணன்தான். இதைச் சொன்னதற்காக அவர்கள் எங்களை மன்னிக்கட்டும். அன்று முதல் நாள்தோறும் மூலையில் வைரஸ் அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும். உற்றுப் பார்த்தால் அதன் அடியில் பிரவுசரின் பெயரும் ஏதோ ஒரு தளத்தின் முகவரியும் சிறிய எழுத்தில் இருக்கும். பிரவுசர் அமைப்புகளில் அறிவிப்புகளுக்கு அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கிறது. அங்கே சென்று அதை நீக்கினால் மறுநாளிலிருந்து அமைதி. இதற்காக ஒரு கணிப்பொறியைக் கடைக்குத் தூக்கிச் சென்று, உள்ளிருந்த குடும்பப் புகைப்படங்களோடு சேர்த்து முழுவதையும் அழித்து வந்ததாகக் கேள்விப்பட்டோம். தலைவலிக்குத் தலையை வெட்டிய வைத்தியம் அது.

கணிப்பொறி வாங்கும்போதே இலவசமாகச் சேர்ந்து வரும் ஆன்டிவைரஸ்கள் தவணை முடிந்ததும் நாள்தோறும் பயமுறுத்துகின்றனவே, அவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவை பெரும்பாலும் விற்பனை விளம்பரங்கள். பணம் கட்ட விருப்பமில்லையெனில் நீக்கிவிடலாம். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு டிஃபெண்டர் என்னும் காவற்காரன் கணிப்பொறிக்கு உள்ளேயே இருக்கிறான். வேறு காவலர் போனதும் அவன் தானாகவே பொறுப்பேற்றுக்கொள்வான். ஒரே வீட்டில் இரண்டு வெளிக் காவலரை வைத்தால் அவர்கள் ஒருவரையொருவர் திருடன் என்று பிடித்துக்கொள்வார்கள்.

நாங்கள் கேட்டறிந்தவற்றுள் எங்களை மிகவும் பாதித்தது வேறொரு நிகழ்ச்சி. எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் 'ஹேக்டூல்' என்று தொடங்கும் ஓர் அறிவிப்பு அரையாண்டுத் தேர்வுக்கு முன் வந்தது. அதில் ஹேக் என்ற சொல்லைப் பார்த்ததும், மகள் யாருடனோ பேசி, எதையோ திறந்து, எவனோ உள்ளே புகுந்துவிட்டான் என்று வீடே அழுதது. பல நாட்கள் அவளிடம் சரியாகப் பேசவில்லை. அவள் பள்ளியில் எங்களிடம் "நான் ஒண்ணுமே பண்ணலடி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு அந்தப் பெயர் முழுவதையும் ஒரு தாளில் எழுதி வரச் சொல்லிப் பார்த்தோம். 'ஹேக்டூல் வின்32 ஆட்டோ கே.எம்.எஸ்.' என்று இருந்தது. அதன் பொருள் என்ன தெரியுமா? உரிமக் கட்டணம் செலுத்தாமல் விண்டோஸையும் ஆபீஸையும் ஓட வைக்கும் கள்ளச் சாவி. கணிப்பொறியை வாங்கிய நாளில், ஆபீஸ் மென்பொருளைச் சும்மா போட்டுத் தருகிறேன் என்று கடைக்காரர் செய்த உபகாரம் அது! அறிவிப்பு உண்மையே பேசியது. ஆனால் அது சுட்டிய விரல் அந்தப் பெண்ணை நோக்கியதன்று. அவளுக்கு அன்று கணிப்பொறியைத் தொடக்கூட அனுமதி இல்லை. விவரம் தெரிந்த பிறகு வீட்டில் சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை.

கள்ளச் சாவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சும்மா வருகிறதே என்று அதைப் போட்டுக்கொள்ளும் பலர், அது ஓடுவதற்காக ஆன்டிவைரஸையே அணைத்து வைக்கிறார்கள். முந்திரிக் கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் கையை வெந்து போகச் செய்யும் என்று நம் பண்ருட்டிப் பக்கத்துத் தாய்மார்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொள்ளாமல் அவர்கள் கொட்டையைத் தொட மாட்டார்கள். கையுறையைக் கழற்றிவிட்டு உடை என்று ஒரு மென்பொருள் கேட்குமானால், அது எதற்காகக் கேட்கிறது என்று யோசிக்க வேண்டாமா? இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் போன்றவற்றில் பள்ளி வேலை அனைத்தையும் முடிக்கலாம்.

பென் டிரைவ் பற்றிச் சொல்லாமல் விட்டால் எங்கள் வகுப்பே எங்களை மன்னிக்காது. பிராஜெக்ட் அச்செடுக்கப் பஸ் நிலையம் அருகில் ஜெராக்ஸ் கடைக்குச் செல்கிறோம். நாளொன்றுக்கு எத்தனையோ பேருடைய பென் டிரைவ்கள் அந்த ஒரே கணிப்பொறியில் ஏறி இறங்குகின்றன. கண்வலிக்காரர்கள் எல்லாரும் ஒரே துண்டால் முகம் துடைப்பதற்கு ஒப்பானது. வீட்டுக்கு வந்து செருகியதும் அறிவிப்பு வருகிறது. திறந்து பார்த்தால் கோப்புகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடக்கின்றன. இங்கே அழ வேண்டியதில்லை. நம் கோப்புகள் அழியவில்லை. அந்த வைரஸ் அவற்றை மறைத்துவிட்டு, அதே பெயரில் போலிகளை முன்னால் வைத்திருக்கிறது. போலியை இரு முறை சொடுக்கினால்தான் நோய் உள்ளே புகும். சொடுக்காமல், முதலில் ஆன்டிவைரஸால் பென் டிரைவ் முழுவதையும் சோதித்துவிட்டு, பிறகு 'அட்ரிப்' என்னும் கட்டளையால் மறைப்பை நீக்கினால் பிராஜெக்ட் பத்திரமாக வெளியே வரும். முன்பெல்லாம் பென் டிரைவைச் செருகியவுடன் அதிலுள்ள நிரல் தானாகவே ஓடும் வசதி விண்டோஸில் இருந்தது. 2008-இல் தோன்றிய கான்ஃபிக்கர் போன்றவை அந்த வழியில் பரவின. 2011-இல் மைக்ரோசாப்ட் பழைய விண்டோஸ்களிலும் அவ்வசதியை அடைத்தது. ஆகையால் இன்று நம் சொடுக்குதல்தான் கதவு. கடைக்குக் கொண்டு போக மட்டும் தனியாக ஒரு பழைய பென் டிரைவ் வைத்துக்கொள்வதும், பி.டி.எஃப். ஆக மாற்றி அதை மட்டும் எடுத்துச் செல்வதும் நல்லது.

சரி, அறிவிப்பு வந்துவிட்டது. எதைப் படிப்பது? கடலோர மாவட்டத்தில் வாழும் நமக்கு இது புதிதன்று. கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால், கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. எத்தனையாம் எண் கூண்டு என்று கேட்கிறோம். ஒன்றாம் எண்ணுக்கு ஊரை விட்டு ஓடுவதில்லை. பத்தாம் எண்ணுக்கு வீட்டில் உட்கார்ந்திருப்பதும் இல்லை. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலில் சாய்ந்த பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் பற்றி இன்றும் வீடுகளில் பேசுகிறார்கள். நாங்கள் அப்போது பிறந்திருந்தோமா இல்லையா என்பதே எங்களுக்குள் ஒரு சச்சரவு!

ஆன்டிவைரஸ் அறிவிப்பிலும் அத்தகைய எண் உண்டு. பிடிபட்டதன் பெயர், அது இருந்த இடம், காவற்காரன் அதை என்ன செய்தான் என்ற மூன்று செய்திகளும் 'பாதுகாப்பு வரலாறு' என்ற பகுதியில் எழுதப்பட்டிருக்கும். கட்டம் மறைந்துவிட்டாலும் அங்கே சென்று பார்க்கலாம். ஆபத்து குறைவா, கடுமையா என்ற அளவும் பக்கத்திலேயே இருக்கும். குவாரன்டைன் செய்யப்பட்டது என்றிருந்தால் திருடன் ஏற்கெனவே அறையில் பூட்டப்பட்டுவிட்டான் என்று பொருள். கொரோனா காலத்திற்குப் பிறகு இச்சொல்லை விளக்க வேண்டிய அவசியமில்லை. அவசரப்பட்டு அழிக்கவும் வேண்டாம். அவசரப்பட்டு விடுவிக்கவும் வேண்டாம். இடம் என்பதில் பிரவுசரின் தற்காலிகக் கிடங்கு காட்டப்பட்டால், பெரும்பாலும் ஏதோ ஒரு விளம்பரத்தின் குப்பை வாசலிலேயே தடுக்கப்பட்டிருக்கிறது. நாம் நேற்று இறக்கிய மென்பொருளின் பெயர் காட்டப்பட்டால் அதை எங்கிருந்து இறக்கினோம் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

பொய் அறிவிப்போ என்று ஐயம் வந்தால் இரண்டாவது வைத்தியரிடம் கேட்பது போல 'வைரஸ் டோட்டல்' என்னும் தளத்தில் கேட்கலாம். ஸ்பெயின் நாட்டில் 2004-இல் தொடங்கப்பட்டு, 2012-இல் கூகுள் வாங்கிய தளம் அது. நாம் கொடுக்கும் கோப்பை ஏறத்தாழ எழுபது ஆன்டிவைரஸ்கள் சோதித்துத் தம் கருத்தைச் சொல்லும். ஐம்பது பேர் வைரஸ் என்றால் ஐயமே இல்லை. பெயர் தெரியாத ஒன்றிரண்டு மட்டும் சொன்னால் பொய் எச்சரிக்கையாக இருக்கக் கூடும். ஆனால் புத்தம் புதிய வைரஸையும் முதல் நாளில் ஒன்றிரண்டே கண்டுபிடிக்கும் என்பதால் சில நாள் பொறுத்து மறுபடி கேட்பதே அறிவு. வங்கிக் கணக்கு, ஆதார், குடும்பப் படங்கள் இவற்றை மட்டும் அங்கே கொடுக்கக் கூடாது. அங்கே கொடுப்பது மற்றவர் பார்வைக்கும் போகும்.

உண்மையாகவே கடுமையான அறிவிப்பு வந்து, நீக்கிய பின்னும் மீண்டும் மீண்டும் அதே பெயர் தோன்றுமானால், அப்போது விளையாட்டு வேண்டாம். வைஃபையை அணைத்து, டிஃபெண்டரில் உள்ள 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்பதை இயக்க வேண்டும். விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே, ஒளிந்திருப்பவன் விழிக்காத நேரத்தில், சுமார் கால் மணி நேரம் சோதிக்கும் முறை அது. முக்கிய பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும். நம் மத்திய அரசு 2017-இல் தொடங்கிய 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' மையமும் இலவசக் கருவிகள் தருகிறது. இவ்வளவும் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணால் செய்யக் கூடியதே. செய்ய விடுகிறார்களா என்பதுதான் கேள்வி.

வெட்கம் என்ற ஒன்று குறுக்கே நிற்பதையும் நாங்கள் பார்க்கிறோம். வைரஸ் வந்ததைப் பக்கத்து வீட்டில் சொன்னால், பெண்ணைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்று அம்மா அஞ்சுகிறார். பெரிய இடங்களிலும் இதே வெட்கம் உண்டு. நம் மாநிலத்துக் கூடங்குளம் அணுமின் நிலையம் பற்றி 2019 அக்டோபர் இறுதியில் ஒரு செய்தி பரவியது. அணு உலைகளின் கட்டுப்பாட்டு அமைப்பு வெளி வலையோடு இணைக்கப்படாதது, அதன் மீது தாக்குதல் நடக்க முடியாது என்று நிலையத்தின் சார்பில் 29-ஆம் தேதி மறுப்பு வந்தது. மறுநாளே அணுமின் கழகம், நிருவாகப் பணிக்கான வலையில் இணைந்திருந்த ஒரு கணிப்பொறியில் தீய மென்பொருள் இருந்தது உண்மைதான் என்றும், செப்டம்பர் 4 அன்றே அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு இதைத் தெரிவித்தது என்றும், உலைகளின் அமைப்பு பாதிக்கப்படவில்லை என்றும் அறிவித்தது. முதல் நாள் அறிக்கையும் எழுத்துக்கு எழுத்து பொய்யன்று. ஆனால் கேட்டவர்களுக்கு அதில் பாதிச் செய்திதான் கிடைத்தது. முதல் நாளே முழுவதையும் சொல்லியிருந்தால் வதந்திக்கு அவ்வளவு இடம் இருந்திருக்காது என்பது எங்கள் கருத்து. ஓர் அணுமின் நிலையத்துக்கே வந்த அறிவிப்பு, ஓர் எட்டாம் நம்பர் வீட்டுக்கு வந்ததில் என்ன அவமானம்?

ஆகவே பெற்றோரிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். அறிவிப்பு வந்த நேரத்தில் நாற்காலியில் அமர்ந்திருந்தவள் யார் என்று பாராமல், அறிவிப்பில் எழுதியிருப்பது என்ன என்று பாருங்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் எங்களையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். அதற்காகத்தானே எங்களை கான்வென்டில் சேர்த்தீர்கள்! திட்டுக்கு அஞ்சும் பெண் என்ன செய்வாள் தெரியுமா? அடுத்த முறை கட்டம் எழும்பும்போது யாரும் பார்க்கும் முன் பெருக்கல் குறியை அழுத்தி மூடிவிடுவாள். பத்தாம் எண் கூண்டை இறக்கி ஒளித்து வைப்பதற்குச் சமம் அது. எங்கள் மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளிடமும் ஒரு விண்ணப்பம். 2011-இல் தமிழக அரசு மாணவருக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கிய காலத்திலிருந்து எத்தனையோ அக்காமார் கணிப்பொறியோடு வீடு திரும்பினர். ஆனால் அது கூச்சலிட்டால் என்ன செய்வதென்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கணிப்பொறி ஆய்வகத்தில் ஒரே ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கினால் போதும். ஆபத்தில்லாத சோதனை எச்சரிக்கையை வரவழைப்பதற்கென்றே ஐரோப்பிய வல்லுநர்கள் வகுத்த 68 எழுத்துக்கள் கொண்ட 'ஐகார்' என்ற கோப்பு ஒன்று இருக்கிறது. அதைச் சேமித்தாலே ஆன்டிவைரஸ் அலறும். கெடுதல் எதுவும் செய்யாது. தீயணைப்புப் பயிற்சி போல, பெற்றோர் தினத்தன்று அப்பாக்களையும் அழைத்து ஒரு முறை அலற வைத்துக் காட்டலாமே.

கூண்டுகளில் பதினோராம் எண் என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, இனி எச்சரிக்கை வராது, மோசமான வானிலை வரக் கூடும் என்பதற்கான எண் அது. கூச்சலிடும் ஆன்டிவைரஸைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசினோம். பல மாதங்களாகப் புதுப்பிக்கப்படாமல், ஒரு நாளும் வாய் திறக்காமல் கிடப்பதே அந்தப் பதினோராம் எண். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன் பிறகும் அதையே வைத்திருக்கும் வீடுகள் எங்கள் வகுப்பிலேயே பல உண்டு. இன்று மாலை விண்டோஸ் பாதுகாப்புப் பகுதியைத் திறந்து, கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட தேதி எது என்று பார்த்து, அதை அப்பாவிடம் காட்டுங்கள்.